மடை திறந்தவனின் குணம்

ஆளைப் பார்த்த மாத்திரத்தில் அவன் எப்பேர்ப்பட்டவன் என்று சொல்லிவிடுவேன். இது எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்காத வித்தை. ஐந்தாம் வகுப்பில் பாதியோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது என்று சொல்பவர்களும் ஊரில் இருக்கிறார்கள். பதினோரு வயதில் மரக்காணம் உப்பளத்தில் மடை திறக்கும் கூலியாக இறங்கினேன். இன்று அதே உப்பளத்தில் முப்பது ஏக்கர் என் பொறுப்பில் ஓடுகிறது. இரண்டு இன்ஜின், ஒரு லாரி, மாடி வைத்த வீடு. பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகச் சொல்வதாக இருந்தால் லாரியைப் பற்றி இன்னும் நான்கு வரி எழுதியிருப்பேன்.

எல்லாமே ஆளைப் படித்துச் சம்பாதித்தது. உப்பு வாங்க வருகிற வியாபாரி ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துவிட்டு விலை கேட்டால் வாங்கப் போகிறான். விலையைக் கேட்டுவிட்டுக் கல்லை எடுத்தால், பாண்டிச்சேரிக்குப் போகிற வழியில் கால் நீட்ட இறங்கியிருக்கிறான். என் மகளைப் பெண் பார்க்க வந்தபோது நான் ஜாதகத்தைப் பார்க்கவில்லை, வாசலில் பையன் செருப்பை விட்ட விதத்தைப் பார்த்தேன். இரண்டையும் சேர்த்து, சுவரோரமாக, அடுத்தவர் செருப்பின் மேல் ஏறாமல் விட்டிருந்தான். அங்கேயே முடித்துவிட்டேன். இன்றுவரை அந்தப் பையன் மேல் ஒரு குறை கிடையாது. அவனுடைய அப்பா, பெரிய முதலியார்சாவடியில் இருக்கும் என் சம்பந்தி, செருப்பைக் கண்ட இடத்தில் கழற்றுகிறவர். அவர் கதை பின்னால் வருகிறது.

இப்படிப்பட்ட என்னிடம் வந்து, குற்றம் நடந்த இடத்தைப் பார்த்தே குற்றவாளியின் மனசையும் குணத்தையும் சொல்லும் படிப்பு ஒன்று இருக்கிறது என்று எங்கள் ஸ்டேஷனுக்குப் புதிதாக வந்த எஸ்.ஐ. அம்மா சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. "இதுக்கு எதுக்கும்மா காலேஜி? என் வரப்புல நாலு நாள் நின்னா வந்துடப்போவுது" என்றேன். அந்தச் சிரிப்பு எப்படி அடங்கியது என்பதைத்தான் எழுதுகிறேன். எழுதச் சொன்னவள் என் மனைவி. "நீங்க ஜெயிச்சதெல்லாம் ஊரு ஆயிரம் தபா கேட்டாச்சு. இத ஒரு தபா நீங்களே சொல்லிடுங்க, மத்தவங்க சொல்றதுக்கு முன்னாடி" என்றாள். மற்றவர்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

உப்பளம் பார்க்காதவர்களுக்கு முதலில் மடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உப்பங்கழித் தண்ணீரை இன்ஜின் வைத்து இறைப்போம். அது வெயிலில் காய்ந்து, பாத்தி பாத்தியாக இறங்கி, கடைசிப் பாத்திக்கு வரும்போது கனத்த தண்ணீராக இருக்கும். அங்கேதான் உப்பு பூக்கும். கடைசிப் பாத்திக்கும் அதற்கு மேல் பாத்திக்கும் நடுவில் இருக்கும் வரப்பில் ஒரு முழ அகலத்துக்கு ஒரு வாய். அதுதான் மடை. களிமண்ணால் அடைத்து வைத்திருப்போம். விடிகிற வேளையில் திறந்து, வேண்டிய தண்ணீரை மட்டும் விட்டு, உடனே மூட வேண்டும். மூட மறந்தால் மேல் பாத்தியின் இளந்தண்ணீர் மொத்தமும் இறங்கி, பூத்து நிற்கிற உப்பைக் கரைத்துவிடும். பத்து நாள் வெயில் வீண்.

போன வருடம் பங்குனியில், வெயில் நன்றாகப் பிடித்த நேரத்தில், என் கிழக்குப் பக்கத்து மடை ஒரு நாள் காலை எட்டு மணிக்குத் திறந்து கிடந்தது. நண்டு பறித்திருக்கும் என்றார்கள். சரி என்றேன். மூன்றாம் நாள் மறுபடியும் திறந்து கிடந்தது. எலி என்றார்கள். "எலி இன்னா, மண்ண வலப்பக்கமா ஒதுக்கி அழகா வெச்சிட்டா போவும்?" என்று கேட்டேன். ஆளுக்கொரு பக்கமாக வேலைக்குத் திரும்பினார்கள். மூன்று வாரத்தில் ஐந்து முறை. ஐந்தும் அதே மடை. அந்தப் பாத்தியில் உப்பு பூப்பதும் கரைவதுமாக இருந்தது.

செய்தவன் யார் என்பதை நான் இரண்டாவது முறையே கண்டுபிடித்துவிட்டேன்.

என்னிடம் பதினாறு வருடமாக இன்ஜின் ஓட்டுகிற ஒருவன் இருந்தான். மீன்பிடி குப்பத்திலிருந்து வந்தவன். கடல் ஒத்துவரவில்லை, வாந்தி எடுப்பான். ஆனால் இன்ஜின் அவன் பேச்சைக் கேட்கும். நான் கைப்பிடி சுற்றினால் இருமும், அவன் சுற்றினால் பாடும். மாசி மாதம் ஒரு நாள் அவன் இன்ஜின் கொட்டகை வாசலில் வந்து நின்றான். கையைப் பிசைந்தான். பேச்சு வருவதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. நான்தான் ஆளைப் படிப்பவன் ஆயிற்றே.

"மொதலாளி, மஸ்கட்ல ஒரு கம்பெனில பம்ப் ஓட்டற வேல வந்துருக்குது. மச்சான் ஏற்பாடு பண்ணிட்டான். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுட்டேன். போலீஸ் வெரிஃபிகேஷன் ஒண்ணுதான் பாக்கி."

"சீசன் நடுவுல போறேன்ற."

"எனக்கு நாப்பத்தி நாலு ஆவுது மொதலாளி. நாப்பத்தஞ்சு தாண்டிட்டா அங்க எடுக்க மாட்டாங்களாம். இது வுட்டா எனக்கு இன்னொண்ணு கெடையாது."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? போய்வா என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு வந்தது கோபம். "போறவனுக்கு என் வரப்புல இன்னாடா வேல? போற வரைக்கும் இன்ஜின் கொட்டாயோட நின்னுக்கோ. பாத்திப் பக்கம் கால வெச்ச, அப்புறம் பாரு!" என்று கத்தினேன். அவன் தலையாட்டினான். அன்று முதல் கொட்டகையைத் தாண்டி ஓரடி கிழக்கே வரவில்லை. சாப்பாட்டுத் தூக்கு வரப்பின் மேல் இருந்தால்கூட யாராவது எடுத்துக் கொடுக்க வேண்டும்.

அதன் பிறகு நடந்ததுதான் இந்த ஐந்து மடையும். வேறு யாரைச் சந்தேகப்படுவது?

ஐந்தாவது முறை நடந்த அன்று மெயின் ரோட்டு டீக்கடையில் உட்கார்ந்து, செய்தவனின் குணத்தை நான் ஊருக்கு எடுத்துச் சொன்னேன். "செஞ்சவன் நம்ம வரப்பு தெரிஞ்சவன். நம்ம மேல காண்டு உள்ளவன். சீக்கிரம் ஊர வுட்டு ஓடப்போறவன், அதான் பயமில்ல. கொட்டாய்க்குப் பக்கத்துலயே கெடக்கிறவன். மீசை வெச்சிருப்பான்."

டீ மாஸ்டர் பாலைத் தூக்கி ஆற்றிக்கொண்டே கேட்டார்: "மீசை எதுக்குப்பா? அது எப்படி மண்ணுல தெரிஞ்சுது?"

"அதெல்லாம் அனுபவம்."

"சுத்தி வளைக்காத. பேர சொல்லிட்டு டீய குடி, ஆறுது."

பெயரைச் சொன்னேன். கடையில் நான்கு பேர் இல்லை என்று தலையாட்டினார்கள், இரண்டு பேர் இருக்கும் என்றார்கள். இரண்டு பேர் போதும் என்று நேரே ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுத்துவிட்டேன்.

எஸ்.ஐ. அம்மாவுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். சேலம் பக்கத்துப் பேச்சு. மனோதத்துவம் படித்துவிட்டுப் போலீசுக்கு வந்தவர் என்று பின்னால் தெரிந்தது. என் புகாரை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். பிறகு மடித்து மேசை மேல் வைத்தார்.

"ஐயா, இதுல கேஸ் போட்டா இவர் பாஸ்போர்ட் நின்னுடும். தெரியும்ல?"

"தெரியும்மா."

"நின்னுட்டா இவர் வேலையும் போயிடும். உங்ககிட்டயே இருக்க வேண்டியதுதான்."

"அது அவன் தலையெழுத்து."

எஸ்.ஐ. அம்மா என்னைப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை தெரியும். விலையை முதலில் கேட்டுவிட்டுக் கல்லைக் கையில் எடுக்கிற வியாபாரியை நான் அப்படித்தான் பார்ப்பேன்.

"இப்போதைக்கு மனுவா வாங்கிக்கறேன். நாளைக்குக் காலைல இடத்தைப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்றார். சாயங்காலம் இன்ஜின்காரனையும் வரச் சொல்லி விசாரித்தார். அவன் என்ன சொன்னான் என்று ஸ்டேஷனில் இருந்த ஏட்டு என்னிடம் சொன்னார். "நீ செஞ்சியா" என்றதற்கு "இல்லைங்க" என்றானாம். "யார் செஞ்சது" என்றதற்கு, "மண்ணப் பாருங்கம்மா, நா ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றானாம். பதில் சொல்லத் தெரியாதவன் மண்ணைக் காட்டுகிறான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் நன்றாக விடிந்த பிறகு எஸ்.ஐ. அம்மா ஒரு ஏட்டோடு வந்து சேர்ந்தார். முன்தினம் திறந்து கிடந்த மடையை மூடாமல் அப்படியே விட்டு, சுற்றிலும் கயிறு கட்டி, மேல் பாத்தியில் வேறு இடத்தில் அணை போட்டு வைத்திருந்தேன். சாட்சி கெடக் கூடாது என்று எனக்கும் தெரியும். அவர் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தார். அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் பலகையை வைத்துவிட்டுச் சுற்றி நின்றார்கள். நான் எஸ்.ஐ. அம்மாவுக்குப் பக்கத்தில், சரிசமமாக, நின்றேன். ஒரே தொழில்காரர்கள் இருவர் ஒரு வேலையைப் பார்க்கிற மாதிரி.

"மேடம், எங்க தொழில்ல ஆளப் படிக்கிறது..." என்று ஆரம்பித்தேன்.

"இருங்க ஐயா, சொல்றேன். ஒருத்தன் ஒரு காரியத்த எப்படிச் செய்யறான்றதுல அவன் பழக்கம் ஒட்டிக்கிட்டு இருக்கும். அதை வெச்சு அவன் எந்த மாதிரி ஆள்னு ஓரளவு சொல்லலாம். ஆனா இது ஜோசியம் இல்ல. இன்னார்னு கையைக் காட்டாது. தேடற எடத்தைச் சின்னதாக்கும், அவ்வளவுதான். சாட்சி இல்லாம இதை மட்டும் நம்பி யாரையும் பிடிக்கக் கூடாது. தப்பாவும் போகும்."

"என்னுது தப்பா போவாது" என்றேன்.

அவர் மடையைக் காட்டினார். "இது மம்பட்டியால திறக்கலை. வெட்டு இல்ல. காலால ஒதுக்கியிருக்கு. வலது கால். கட்டை விரலை உள்ள குத்தி, களிமண்ணை வெளிப்பக்கம் தள்ளி, குதிகாலால ஒரு அழுத்து. ரொம்பச் சுத்தமா இருக்கு. இங்க யார் இப்படித் திறப்பாங்க?"

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அடேங்கப்பா! இப்ப எவனுக்கு மேடம் இது வரும்? இது அந்தக் காலத்து வேல. தலைல கூடை இருக்கும், கை ரெண்டும் கூடைய பிடிச்சிருக்கும், அதனால காலாலயே தெறப்போம். ஒரே தள்ளுல வரணும். பத்து வயசுல கத்துக்கினாதான் வரும். இப்ப இருக்கிறவனுங்க மம்பட்டி இல்லாம மூக்கக்கூட சொறிய மாட்டானுங்க."

"உங்க இன்ஜின்காரருக்கு?"

"அவனா? அவன் இருபத்தெட்டு வயசுல வந்தவன். மம்பட்டிதான். காலால தெறக்கச் சொன்னா வழுக்கி வுழுவான்."

சொல்லி முடித்த பிறகுதான் என் வாயாலேயே என் ஆளை விட்டுவிட்டேன் என்று உறைத்தது. பெண்களில் ஒருத்தி "ம்க்கும்" என்றாள்.

"சரி" என்றார் எஸ்.ஐ. அம்மா. நோட்டில் ஏதோ எழுதினார். "அப்ப இவர் வயசானவர். சின்ன வயசுலேர்ந்து இந்த வேலை செஞ்சவர்."

"கண்டிப்பா. நல்ல வேலக்காரன்."

"குதிகால் ஆழமா பதிஞ்சிருக்கு. கனமான ஆள்."

"ஒடம்ப நல்லா வெச்சிருக்கான்."

"யாருக்கும் பயப்படலை. ஒளிஞ்சு வந்து போன மாதிரி தெரியலை. வரப்பு நடுவுலயே நடந்து வந்திருக்கார், அப்படியே நடந்து போயிருக்கார். இங்க நிக்கறதுக்குத் தனக்கு உரிமை இருக்குன்னு நினைக்கறவர். இவரை யாரும் 'ஏன் இங்க வந்தே'ன்னு கேக்க மாட்டாங்க."

"செல்வாக்கான ஆளு!" என்றேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்தத் திருடன் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. இப்படி ஒருவன் என்னிடம் வேலைக்கு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"கோபத்துல செய்யலை. கோபம்னா வரப்பையே வெட்டியிருப்பார், எல்லா மடையையும் திறந்திருப்பார். இது ஏதோ வேற யோசனைல, தன்னை அறியாம செஞ்ச மாதிரி இருக்கு. முன்னாடி பின்னாடி அடியைப் பாருங்க. இங்க வந்து கொஞ்ச நேரம் நின்னிருக்கார். ஒரே எடத்துல திரும்பித் திரும்பி மிதிச்சிருக்கார். கையை ஆட்டிப் பேசறவங்க இப்படித்தான் நிப்பாங்க. ஆனா பக்கத்துல இன்னொருத்தர் அடி இல்ல."

"தனியா பேசிக்கினு வர்றானா? பைத்தியமா மேடம்?"

"பைத்தியம்லாம் இல்ல. அடுத்தவங்க சொல்றதைக் காதுல வாங்கற பழக்கம் கொஞ்சம் குறைச்சலா இருக்கும், அவ்வளவுதான்."

கூட்டத்தில் சிரிப்பு ஓடியது. திரும்பிப் பார்த்தேன். எல்லாப் பெண்களும் முக்காட்டுத் துணியை வாயில் வைத்திருந்தார்கள். உப்பு வெயிலுக்கு அப்படித்தான் வைத்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

எஸ்.ஐ. அம்மா எழுந்து முட்டியைத் தட்டினார். "இன்ஜின்காரரைக் கூப்பிடுங்க. இந்தக் கயித்தை அவுத்துட்டு மடையை மூடச் சொல்லுங்க. நாம கொஞ்சம் தள்ளி நின்னு பேசுவோம்."

ஏட்டு குரல் கொடுத்தார். இன்ஜின்காரன் கொட்டகையிலிருந்து வந்து, வரப்பு தொடங்குகிற இடத்தில் நின்றுவிட்டான்.

"மொதலாளி, வரப்பு மேல வரலாமா?"

எல்லோர் முன்னாலும் அப்படிக் கேட்டான். குறும்பில்லாத குரலில் கேட்டான், அதுதான் கஷ்டமாக இருந்தது. "வாடா, வா" என்றேன். வந்தான், மடையை மூடினான், களிமண்ணை மம்பட்டிப் பின்பக்கத்தால் தட்டிக் கெட்டியாக்கினான். திரும்பிப் போய் முதலில் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டான். அவனுடைய பாஸ்போர்ட் அந்த எஸ்.ஐ. அம்மாவின் நோட்டில் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். முகம் வெளுத்திருந்தது.

அப்போது என் போன் அடித்தது. சம்பந்தி.

சம்பந்தியோடு காலையில் பேசுவது எனக்கு வழக்கம். உப்பு வார ஆள் வருவதற்கு முன்பு, விடியும்போது, வரப்பில் நடந்துகொண்டே பேசுவேன். மகள் வாங்கிக் கொடுத்த போன். மூன்று வருடமாக இருக்கிறது. மாசிக்குப் பிறகு பேச்சு முழுக்க இன்ஜின்காரனைப் பற்றித்தான். அவன் நன்றிகெட்டதனம், அவன் போனால் எனக்குப் பத்துப் பேர் காத்திருப்பது, அந்தப் பத்துப் பேரில் ஒருவனையாவது சம்பந்தி கோட்டக்குப்பம் பக்கத்தில் தேடித் தர முடியுமா என்பது.

"ஹலோ சம்பந்தி! ஆங், சொல்லுங்க!" என்று நடக்க ஆரம்பித்தேன். "இங்க பெரிய வேலையா இருக்குது. போலீசே வந்துருச்சு. ஆமா. எஸ்.ஐ. அம்மா நேர்லயே. நாந்தான் கூடமாட நின்னு சொல்லிக் குடுத்துக்கினு இருக்கேன்... படிச்சவங்கதான், இருந்தாலும் அனுபவம்னு ஒண்ணு வேணாமா? செஞ்சவன் சாதாரண ஆளு கெடையாது சம்பந்தி. பழைய கை. கனமான ஆளு. எவனுக்கும் பயப்படாதவன். யாரு சொன்னாலும் கேக்க மாட்டானாம்! ஆனா வுட்டுடுவேனா? இன்னிக்கி சாயங்காலத்துக்குள்ள அவன..."

அப்போதுதான் கவனித்தேன். சுற்றிலும் ஒரு சத்தம் இல்லை. பெண்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏட்டு தொப்பியைக் கழற்றியிருந்தார். நானும் கீழே பார்த்தேன்.

என் வலது கால் மடைக்குள் இருந்தது. கட்டை விரல் உள்ளே குத்தியிருந்தது. களிமண் வலப்பக்கமாக, அழகாக ஒதுங்கியிருந்தது. தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. பதினோரு வயதிலிருந்து கேட்கிற சத்தம். அதனால்தான் எனக்குக் காதில் விழவில்லை.

"சம்பந்தி? லைன்ல இருக்கீங்களா? அவன இன்னா செய்வீங்க?" என்று போன் கத்தியது.

நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே இன்ஜின்காரன் ஓடி வந்தான். இந்த முறை வரலாமா என்று கேட்கவில்லை. என் காலைப் பிடித்துத் தூக்கி ஓரமாக வைத்தான், ஒரு பெட்டியை நகர்த்துகிற மாதிரி. களிமண்ணை அள்ளி மடையை மூடினான். கையைப் பாத்தித் தண்ணீரில் கழுவினான். எவ்வளவு வேகமாக, எவ்வளவு பழக்கமாகச் செய்தான் என்று பார்த்தபோது எனக்கு இன்னொன்றும் விளங்கிவிட்டது.

"எத்தினி வருஷமாடா?" என்றேன்.

"போன் வாங்கினதுலேர்ந்து, மொதலாளி. நீங்க பேசிக்கினே தெறந்துட்டுப் போவீங்க. நா பின்னாலயே வந்து மூடிடுவேன்."

"மூணு வருஷம்."

"ஆமா."

"அப்ப இந்த அஞ்சு தபாவும்?"

"நீங்கதான் பாத்திப் பக்கம் கால வைக்காதன்னீங்க."

"ஏன்டா, வாயால சொல்லித் தொலைக்கிறதுக்கு இன்னா?"

"சொன்னா இன்னா சொல்லியிருப்பீங்க? நீங்க தப்பு பண்ண மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியும். போறப்ப மொதலாளி மேல பழியப் போட்டுட்டுப் போனான்னு எனக்குப் பேரு வரும். அதான் மண்ணப் பாருங்கன்னு மட்டும் சொன்னேன்."

பெண்களில் மூத்தவள், என்னோடு ஒரே வருடத்தில் கூலிக்கு இறங்கியவள், அப்போது வாயைத் திறந்தாள். "அடப்பாவி, அந்தம்மா கனமான ஆளுன்னு சொன்னப்பவே நா ஒன் வயித்த பாத்தேன்."

அதோடு கட்டு அவிழ்ந்தது. முப்பது பேர் சிரித்தார்கள். கொக்கு எல்லாம் பறந்தது. எஸ்.ஐ. அம்மா மட்டும் சிரிக்கவில்லை, நோட்டைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். சம்பந்தியும் போனில் சிரித்தார். எதற்கென்று தெரியாமலே சிரித்தார். செருப்பைக் கண்ட இடத்தில் விடுகிறவர்கள் அப்படித்தான்.

எஸ்.ஐ. அம்மா என்னைத் தனியாக இன்ஜின் கொட்டகை நிழலுக்குக் கூட்டிப் போனார். "ஐயா, உங்க போன்ல கால் லிஸ்ட் பார்க்கலாமா?" என்றார். கொடுத்தேன். மடை திறந்து கிடந்த ஐந்து நாளும் விடியற்காலையில் சம்பந்தியோடு நீளமாகப் பேசிய நாள்கள்தான். மற்ற நாள்களில் சம்பந்தி எடுக்கவில்லை. அவருக்கும் காது வலிக்கும் இல்லையா?

"மேடம், ஒண்ணு மட்டும் கேக்கறேன். நாந்தான்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"தெரியலை ஐயா. மண்ணைப் பார்த்ததும் சந்தேகம்தான் வந்துச்சு. அதான் மடையை மூடச் சொல்லிட்டு, நீங்க நடக்கறதைப் பார்க்கலாம்னு நின்னேன். போன் வரும்னு எனக்குத் தெரியாது." போனைத் திருப்பிக் கொடுத்தார். "ஸ்டேஷன்ல உங்ககிட்ட ஒண்ணு சொன்னேன். கேஸ் போட்டா அவர் உங்ககிட்டயே இருக்க வேண்டியதுதான்னு. அப்ப நீங்க பதில் சொன்ன வேகம் இருக்கே, அதை நான் நோட்டுல எழுதலை."

பதினாறு வருடம் ஒருவன் பின்னாலேயே வந்திருக்கிறான். போகிறேன் என்றதும், அவன் போகக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. அதற்குப் போலீசைக் கூப்பிட்டேன். எனக்குத் தெரியாமல் கால் செய்தது மடை. புகார் எனக்குத் தெரிந்து நடந்தது.

அன்றே ஸ்டேஷனுக்குப் போய் மனுவைத் திரும்ப வாங்கினேன். ஏட்டு எழுதித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று நானே எழுதினேன். ஐந்தாம் வகுப்பில் பாதிவரை படித்தது அதற்குப் போதுமானதாக இருந்தது: மடையைத் திறந்தது நான்தான், என் கால்தான், வேறு யார் மேலும் எனக்குப் புகார் இல்லை. படித்துப் பார்த்துவிட்டு எஸ்.ஐ. அம்மா சொன்னார்: "ஐயா, நான் படிச்ச காலத்துலேர்ந்து எழுதின குணவிவரம் இவ்வளவு பொருந்தின ஆளை இப்பத்தான் பார்க்கறேன்."

இதை ஊரில் நான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். மனோதத்துவம் படித்த ஒரு போலீஸ் அதிகாரி பார்த்ததிலேயே பொருத்தமான குற்றவாளி நான். இந்த மரக்காணத்தில் இன்னொருத்தனுக்கு இந்தப் பேர் உண்டா?

பாஸ்போர்ட்டுக்காக விசாரிக்க வீட்டுக்கு ஏட்டு வந்தபோது அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்றார். முதல் கையெழுத்து என்னுடையது. "ஆள் நடத்தை எப்படி?" என்று கேட்டார். சொல்ல ஆரம்பித்தேன். இன்ஜின், கடல் வாந்தி, சாப்பாட்டுத் தூக்கு, மூன்று வருடம் மூடிய மடை. கால் மணி நேரம் கழித்து ஏட்டு பேனாவை மூடினார். "நல்லவர்னு ஒரு வார்த்த போதும் ஐயா. அதுக்குத்தான் எடம் வுட்டுருக்காங்க."

சித்திரை கடைசியில் அவன் கிளம்பினான். பையோடு உப்பளத்துக்கு வந்தான். இன்ஜினை ஒரு முறை தடவினான், என்னைத் தடவவில்லை. "மொதலாளி, நா சொன்னா கேக்க மாட்டீங்க. இருந்தாலும் சொல்லிட்டுப் போறேன். போன் பேசறப்ப எங்கனா உக்காந்து பேசுங்க" என்றான். பஸ் ஏற்றிவிட மெயின் ரோடு வரைக்கும் போனேன். திரும்பி வந்தபோது வரப்பின் தலைப்பில், மடையிலிருந்து இருபதடி தள்ளி, ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. பெண்கள் சேர்ந்து வாங்கிப் போட்டிருந்தார்கள். கால் முளைத்துப் போய்விடக் கூடாது என்று ஒரு கட்டையில் கட்டியும் வைத்திருந்தார்கள்.

இப்போது என் போன் அடித்தால் உப்பளம் முழுக்க ஒரே குரல்: "நாற்காலி! நாற்காலி!" நான் எங்கே இருந்தாலும் வந்து உட்கார்ந்துதான் பேச வேண்டும். சம்பந்திக்கும் இது தெரிந்துவிட்டது. அதனால் முன்னைவிட அதிகமாகக் கூப்பிடுகிறார்.

புது இன்ஜின்காரன் எக்கியார்குப்பத்துக்காரன். பரவாயில்லை. இன்ஜின் இருமுகிறது, ஆனால் ஓடுகிறது. ஆள் நல்லவன் என்று முதல் நாளே கண்டுபிடித்துவிட்டேன். இந்த வித்தையில் எனக்கு இன்னும் யாரும் ஈடில்லை. என்னைத் தவிர மற்ற எல்லோரையும் நான் சரியாகப் படிப்பேன்.

மஸ்கட்காரன் வெள்ளிக்கிழமைகளில் வீடியோவில் கூப்பிடுவான். அவனுக்கு அன்று லீவு. சிமென்ட் தரையில், வெள்ளைச் சட்டை போட்டு, ஒரு பெரிய பம்புக்கு முன்னால் நின்று காட்டினான் ஒரு முறை. என் லாரியைவிட அது பெரிதாக இருந்ததை நான் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. சொல்ல நிறைய இருக்கும், ஆனால் எப்போதும் முதலில் ஒன்றைத்தான் கேட்பான்.

"மொதலாளி, உக்காந்துட்டீங்களா?"

"உக்காந்துட்டேன்டா."

"எங்க, கால காட்டுங்க."

போனைக் கீழே சாய்த்துக் காட்டுவேன்.